மறு: ‘எமர்ஜிங் மார்க்கெட்’ – ‘முகிழ்சந்தை’ எனலாமா?

அன்புள்ள ஐயாவுக்கும் குழு அன்பர்களுக்கும் வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலுக்காக ‘எமர்ஜிங் மார்க்கெட்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். வெளிநாட்டு முதலீட்டுக்கு ஓரளவு திறந்திருந்தும் ‘வளர்ந்த சந்தை’ என்ற நிலையை எட்டாத பங்குச் சந்தைகளின் வகை அது.

> ‘வளரும் சந்தை’ போதாதா? புதுச்சொல் எதற்கு?

போதாது, ஐயா. ‘வளரும் நாடு’ ஏற்கெனவே வேறொரு வகைப்பாட்டின் பெயர். தென்கொரியாவைப் பாருங்கள். தனிநபர் வருமானம் 30,000 அமெரிக்க டாலரைத் தாண்டிய நாடு. பங்குச் சந்தைகளை வகைப்படுத்தும் குறியீட்டு நிறுவனமான எஃப்டிஎஸ்இ 2009இலேயே அதை வளர்ந்த சந்தைகளோடு சேர்த்துவிட்டது. அதே வேலையைச் செய்யும் இன்னொரு நிறுவனமான எம்எஸ்சிஐயோ அதன் பின்னும் பல ஆண்டுகள் சேர்க்கவில்லை. வோன் நாணயத்தை நாட்டுக்கு வெளியே தாராளமாக வாங்கி விற்க முடியாததை ஒரு குறையாகச் சொன்னது. வெளியார் பணம் எளிதில் உள்ளே வருமா, வந்தது தடையின்றித் திரும்புமா, பங்குகளில் வெளிநாட்டினருக்கு உச்சவரம்பு உண்டா என்பதெல்லாம் இந்த வகைப்பாட்டில் அடங்கும். பொருளியல் வளர்ச்சியை மட்டும் சொல்லும் பெயர் இதைத் தாங்காது.

‘எழுச்சிச் சந்தை’, ‘ஏறுமுகச் சந்தை’ இரண்டையும் கடுமையாகவே எதிர்க்கிறேன். சென்ற மாதம் சிங்கப்பூர்த் தேக்காவில் பெரியவர் ஒருவர் ஒரு முதலீட்டுத் திட்டத்தின் தமிழ்க் கையேட்டை என்னிடம் நீட்டினார். முகப்பில் ‘எழுச்சிச் சந்தை நிதி’ என்று கொட்டை எழுத்து. “எழுச்சி என்றால் விலை ஏறிக்கொண்டே இருக்கிறது என்றுதானே, தம்பி?” என்று கேட்டார். தமிழ் அறிந்தவர் அப்படித்தான் படிப்பார். நாணயச் சரிவும் திடீர்க் கட்டுப்பாடுகளும் வரக்கூடிய சந்தைக்கு இப்படிப் பெயரிட்டு ஒருவரின் ஓய்வுக்காலச் சேமிப்பைக் கேட்பது அநியாயம். ஆங்கிலச் சொல்லே விற்பனைக்காகப் பிறந்ததுதான். ‘மூன்றாம் உலகம்’ என்ற பெயரில் நிதி திரட்ட முடியாது என்று கண்டு, 1981இல் அனைத்துலக நிதிக் கழகத்தின் அந்துவான் வான் அக்ட்மேல் அதை உருவாக்கினார். அந்த விளம்பரக் குரலைத் தமிழிலும் நாம் ஏற்ற வேண்டியதில்லை.

என் பரிந்துரை ‘முகிழ்சந்தை’. வினைத்தொகை என்பதால் முக்காலத்துக்கும் பொருந்தும். இடையில் ஒற்றும் மிகாது.

> முகிழ்த்தது மலரத்தானே செய்யும்? 2013இல் எம்எஸ்சிஐ கிரீஸை வளர்ந்த சந்தையிலிருந்து கீழே இறக்கியதே, அதற்கு என்ன சொல்வீர்கள்?

நல்ல கேள்வி, அம்மா. கைமுகிழ்த்தல், கண்முகிழ்த்தல் என்ற வழக்குகளை நினைத்துப் பாருங்கள். அரும்புதலைப் போலவே குவிதலும் அச்சொல்லின் பொருள்தான். விரிந்தது மீண்டும் குவிவதற்கும் அதில் இடமிருக்கிறது. வேறெந்தச் சொல்லிலும் இந்த வசதியை நான் காணவில்லை.

பட்டியலின் அடுத்த சொல்லான ‘பிசினஸ் என்விரான்மென்ட்’ (தொழில் நடத்துவதற்கான சூழ்நிலை) பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘வர்த்தகச் சூழல்’ கடைத்தெருவோடு நின்றுவிடுகிறது. அனுமதி, மின் இணைப்பு, சுங்கம், ஒப்பந்த வழக்கு, ஆலை எல்லாம் அடங்க ‘தொழிற்சூழல்’ போதும்.

எனக்கு இன்னும் பிடிபடாதது ‘ஃபிரன்டியர் மார்க்கெட்’, அதாவது ‘எமர்ஜிங் மார்க்கெட்’டுக்கும் கீழ்ப்படியில் வைக்கப்படும் சந்தை. இலங்கை, பங்ளாதேஷ் போன்ற சந்தைகள் அந்த வகையில் வருகின்றன. ‘எல்லைச் சந்தை’ என்றால் எல்லைப்புறத்தில் கூடும் சந்தை என்றுதான் படிப்பார்கள். யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். மூன்றையும் சேர்த்தே பட்டியலில் ஏற்றலாம்.

அன்புடன்,
தோ பாயோவிலிருந்து