பூமித்தாய் ஓவியம்: எல்லாத் தெய்வங்களையும் ஒரே உருவத்தில் சேர்க்கலாமா?

செம்மண்காரி (காரைக்குடி):
எங்கள் வீட்டு வளவில் மாட்ட நாலடி உயரத்தில் ஒரு ஓவியம் வரைகிறேன், பூமித்தாய்தான் பொருள். பூமாதேவியோடு நிற்காமல் கிரேக்கர்களின் கையா, ஆண்டீஸ் மலைக்காரர்களின் பச்சமாமா, பழைய மெக்சிகோவின் அஸ்டெக்குகளின் கோவாட்லிக்குவே என்று தேடித் தேடிப் படித்துவிட்டு, எல்லாரையும் ஒரே பெண்ணுக்குள் கொண்டுவரலாம் என்று பென்சிலில் போட்டுப் பார்த்தால் தாமரை, பாம்புப் பாவாடை, மலை, கதிர் எல்லாம் வந்துவிட்டன, அம்மா மட்டும் வரவில்லை. காலண்டரில் வருகிற வெள்ளைத் தோல் பூமாதேவியும் எனக்கு வேண்டாம். வரைகிறவர்கள், சிற்பம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

சுதைவேலை:
தங்கச்சி, அடையாளங்களை விடுங்கள், அவள் மண்ணோடு எப்படி ஒட்டியிருக்கிறாள் என்று பாருங்கள். பழைய ஏதென்ஸ் பானை ஓவியங்களில் கையாவுக்கு முழு உடம்பு இருக்காது. பாதி உடம்போடு தரைக்குள்ளிருந்து எழும்பி, எரிக்தோனியஸ் என்கிற குழந்தையை அதீனா என்கிற பெண் தெய்வத்திடம் நீட்டுவாள். பொலிவியாவில் பொட்டோசி வெள்ளி மலையையே மேரி மாதாவின் அங்கியாக வரைந்த 18ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்று இருக்கிறது. மலையிலிருந்து முகமும் கைகளும் மட்டும் வெளியே தெரியும், அவளைப் பச்சமாமாவாகவும் பார்க்கிறார்கள். மெக்சிகோ நகரத்தில் 1790இல் தோண்டியெடுத்த கோவாட்லிக்குவே சிலைக்கு அடிப்பக்கத்திலும் வேலைப்பாடு உண்டு. தரையில் படிந்து யார் கண்ணிலும் படாத அந்த இடத்தில் பூமித் தெய்வத்தைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். எனக்கு அதை நினைத்தாலே சிலிர்க்கும். நம் மாமல்லபுரத்து வராக மண்டபத்தில் பூமாதேவி கடலிலிருந்து மீண்டு வந்து வராகரின் தொடைமேல் இருக்கிறாள்.

ஆக ஒரே ஒரு நிலையை எடுங்கள். என்னைக் கேட்டால் இடுப்புவரை மண்ணுக்குள், மேலே நம்மூர்ப் பெண். கையில் தாமரை மட்டும் வேண்டாம், பெருமாள் கோயிலில் அது ஸ்ரீதேவிக்கு. இடப்பக்கம் நிற்கிற பூதேவிக்கு நீலோற்பலம், அதாவது நீல அல்லிதான்.

கண்மாய்க்கரை:
அக்கா, நம் பக்கத்து முளைப்பாரியை விட்டுவிட்டு எங்கெங்கோ போகிறீர்களே! மண்ணையும் எருவையும் போட்டு நவதானியம் தூவி இருட்டறையில் வளர்ப்பார்கள் இல்லையா, வெயில் படாததால் பயிர் பச்சை பிடிக்காது. வெளிறின மஞ்சளில் நெடுநெடுவென்று நிற்கும், பயறு முளைத்த இடத்தில் சிலதின் நுனியில் விதைத்தோல் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். கும்மி கொட்டி, தலையில் சுமந்து போய்த் தண்ணீரில் கரைத்துவிடுவார்கள். அவள் தலையில் கிரீடத்துக்குப் பதில் அதை வையுங்கள், செம்மண் நிறத்துக்கு மேல் அந்த மஞ்சள் எடுப்பாக நிற்கும்.

மண்நிறம்:
நிறத்துக்குக் கடைக்கே போக வேண்டாம், உங்கள் ஊர் மண்ணே போதும். சிவப்பு மண்ணைத் தண்ணீரில் நன்றாகக் கலக்கிக் கொஞ்ச நேரம் விட்டால் மணல் அடியில் தங்கிவிடும். மேலே நிற்கிற கலங்கல் தண்ணீரை வேறு பாத்திரத்தில் இறுத்து, தெளியவிட்டு, வண்டலைக் காயவைத்து அரையுங்கள். விரலில் தேய்த்தால் நறநறக்கக் கூடாது, நறநறத்தால் மறுபடியும் கலக்கி இறுங்கள். வேலம்பிசின் கரைசலில் குழைத்தால் வண்ணம் தயார், பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஒரு சொட்டு கிராம்பு எண்ணெய். சிவப்பைத் தருவது இரும்பு ஆக்சைடு, அது வெயிலில் வெளுக்காது. மஞ்சள் காவி மண்ணைச் சட்டியில் நன்றாகச் சூடாக்கினால் அதுவும் சிவக்கும், அதனால் ஒரே மண்ணில் இரண்டு மூன்று சாயல் கிடைக்கும்.

நேராகச் சுவரில் மட்டும் வரையாதீர்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கண்ணாடியாய்த் தேய்த்த பழைய சுண்ணாம்புப் பூச்சில் இது பிடிக்காமல் உதிரும், அந்தப் பூச்சும் பாழாகும். பலகையில் வரைந்து மாட்டுங்கள்.

செம்மண்காரி:
எல்லாருக்கும் நன்றி. இடுப்புவரை மண், கையில் நீலோற்பலம், தலையில் முளைப்பாரி என்று முடிவு செய்துவிட்டேன். தோல் நிறமும் பின்னால் இருக்கிற மண்ணும் ஒன்றாகவே இருக்கட்டும், கோடு மட்டும் அவளைப் பிரித்துக் காட்டட்டும். மண்நிறம் அண்ணே, ஊருணிக் கரை மண் ஆகுமா?

மண்நிறம்:
ஆகும்மா, ஆனால் வண்டல் கலந்து கறுப்படிக்கும். தோலுக்குப் பொட்டல் காட்டுச் செம்மண் எடுங்கள், ஊருணி மண்ணைக் கூந்தலுக்கு வைத்துக்கொள்ளலாம்.