தீபாவளிச் சாமான்: வாங்குகிறவர் முகம் வாடாமல் கொடுப்பது எப்படி?

சிப்புட் இளவட்டம்
வணக்கம். மலேசியா, பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் மூன்று தோட்டத்து லயங்களிலும் (வரிசை வீடுகள்) ஒரு தாமானிலும் (குடியிருப்புப் பகுதி) சேர்த்து 60 குடும்பங்களுக்குத் தீபாவளிக்கு மளிகைச் சாமான் கொடுக்கப் போகிறோம். கையில் 6,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. போன தடவை மண்டபத்தில் மேடை போட்டு, பேர் வாசித்து, பேனர் முன்னால் நிறுத்திக் கொடுத்ததில் பதினோரு பேர் வரவே இல்லை. வந்தவர்களும் தலையைக் குனிந்தபடி வாங்கிப் போனார்கள். இந்தத் தடவை அப்படி நடக்கக் கூடாது. ஆனால் பணம் கொடுக்கிறவர்கள் வாங்குகிறவர்களின் படமும் ஐசி (அடையாள அட்டை) நகலும் கேட்கிறார்கள். எப்படிச் செய்தால் சரியாக இருக்கும்?

செம்பருத்தி
தம்பி, மேடையை விட்டுவிடுங்கள், பாதி வேலை முடிந்தது. வராத பதினோரு பேருக்குத் தேவை இல்லாமல் இல்லை. ஊரே பார்க்கப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று தெரிந்துதான் வராமல் இருந்திருப்பார்கள். உதவி வீட்டு வாசலுக்குப் போக வேண்டும்.

கணக்கு இப்படி வரும். மூன்று கார், காருக்கு இரண்டு பேர், அதில் ஒருவராவது பெண். ஒரு வீட்டுக்குப் பத்து நிமிடம் என்றாலும் இருபது வீட்டுக்கு மூன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் இரண்டு சாயங்காலமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காலையில் போகாதீர்கள், ஆட்கள் வேலைக்காட்டில் இருப்பார்கள். ஐந்து மணிக்கு மேல், குளித்துவிட்டு இருக்கும் நேரம் நல்லது. முதல் நாளே போன் போட்டு, 'நாளைக்குச் சாயங்காலம் வரலாமா அக்கா?' என்று கேளுங்கள். சொல்லாமல் போய் நின்றால், வீடு கிடக்கிற கோலத்தை நான்கு பேர் பார்த்துவிட்டார்களே என்று கூசுவார்கள்.

தீபாவளிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னாலேயே கொடுத்து முடியுங்கள். முறுக்கு சுடுகிற வாரம் அது. முதல் நாள் ராத்திரி கொண்டு போகிற உளுந்து அடுத்த மாதத்துக்குத்தான் ஆகும்.

அரிசியைப் பத்துக் கிலோ மூட்டையாக வாங்காதீர்கள், ஐந்தைந்தாக வாங்குங்கள். முப்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டின கையில் விரல் மடங்காது, எழுபது வயசுப் பாட்டி அந்த மூட்டையை எப்படித் தூக்கி உள்ளே வைப்பார்? நீங்கள்தான் அடுப்படி வரை கொண்டு போய் வைக்க வேண்டும், 'உள்ளே வரலாமா பாட்டி?' என்று கேட்டுவிட்டு. செருப்பை வெளியே விடுங்கள். வாசலில் பொத்தென்று போட்டுவிட்டு வருவது குப்பை போடுகிற மாதிரி இருக்கும்.

டீ போட்டுக் கொடுத்தால் குடித்துவிட்டு வாருங்கள். 'வேணாம்மா, இன்னும் நிறைய வீடு இருக்கு' என்று எழுந்து ஓடாதீர்கள். அந்த டீயைக் கொடுக்கும்போதுதான் அவரும் வீட்டுக்காரராக நிமிர்ந்து நிற்கிறார். பத்து நிமிடக் கணக்கில் அதுவும் சேர்த்தி.

கடைத்தெரு
சாமான் விஷயம் நான் சொல்கிறேன். ஒரு வீட்டுக்கு 100 வெள்ளி என்றால் முழுவதையும் சாமானாக வாங்காதீர்கள். 60 வெள்ளிக்குச் சாமான், 40 வெள்ளி கையில். என்ன வாங்குவது என்று தானே முடிவு பண்ணுகிற உரிமையும் மரியாதையில் சேர்ந்ததுதான். ஒரு வீட்டுக்கு ஆட்டிறைச்சி வேண்டும், இன்னொரு வீட்டில் சைவம், வேறொரு வீட்டில் பிள்ளைக்குச் சட்டை இல்லை. இதெல்லாம் உங்கள் பட்டியலில் வராது.

அந்த நாற்பதைத் தீபாவளி அங்பாவ் (அன்பளிப்புப் பணம்) உறையில் நான்கு பத்து வெள்ளித் தாளாகப் போடுங்கள். எல்லா வீட்டிலும் பெரியவர்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற அதே உறை என்பதால் பார்க்கிறவருக்கு அது உதவியாகத் தெரியாது. பேங்கில் 240 பத்து வெள்ளித் தாள் முன்கூட்டியே சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

சாமானில் உள்ளூர் வெள்ளை அரிசி பத்துக் கிலோவுக்குக் கட்டுப்பாட்டு விலை 26 வெள்ளி, ஆனால் எல்லா நேரமும் கிடைக்காது. கடைக்காரரிடம் மூன்று வாரம் முன்னாலேயே சொல்லி வையுங்கள். 2 வெள்ளி 50 காசு பொட்டல எண்ணெயை மொத்தமாகக் கேட்காதீர்கள், அது மானியத்தில் குடும்பங்களுக்கு வருவது. நீங்கள் வழித்து எடுத்தால் அதே லயத்து அம்மாவுக்குக் கிடைக்காது. போத்தல் எண்ணெய் எடுங்கள். உளுந்து ஒரு கிலோ, பருப்பு ஒரு கிலோ, கோதுமை மாவு, சீனி. சீனி வியாதிக்காரர் வீட்டுக்குச் சீனிக்குப் பதிலாகப் பச்சைப்பயறு. முதல் நாள் போன் போடும்போதே இதையும் கேட்டுவிடலாம்.

எங்கே தப்பு நடக்கிறது என்றால், மக்களிடம் 'பழைய சாமான் இருந்தால் கொடுங்கள்' என்று வசூல் பண்ணும்போது. தேதி போன சார்டின், நசுங்கின மைலோ டின், பாதி பிரித்த பிஸ்கட் எல்லாம் வரும். இதற்கென்றே ஒரு ஆளை உட்கார வைத்துத் தேதி பாருங்கள். உங்கள் வீட்டு மேஜையில் வைக்கத் தயங்குகிற எதையும் பையில் போடாதீர்கள். பைக்கு வெளியே எந்தப் பேரும் லோகோவும் வேண்டாம், சாதாரணக் கடைப்பை போதும்.

இன்னொன்று. சிலர் நல்லெண்ணத்தில் கடைக்குப் போய் 555 புத்தகத்தில் (கடைக்காரரின் கடன் நோட்டு) இருக்கிற கடனை அடைக்கிறேன் என்பார்கள். செய்யாதீர்கள். யாருக்கு எவ்வளவு கடன் என்று நமக்குத் தெரிவதே அவருக்கு அவமானம். காசைக் கையில் கொடுத்தால் அவரே போய் அடைத்துக்கொள்வார்.

சிப்புட் இளவட்டம்
நன்றி அக்கா, அண்ணே. படத்துக்கும் ஐசிக்கும் என்ன சொல்வது? படம் இல்லை என்றால் அடுத்த வருஷம் பணம் வராது என்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை
பணம் கொடுத்தவருக்குக் கணக்குக் கேட்க உரிமை உண்டு. வாங்கினவர் முகத்தைக் கேட்க உரிமை இல்லை. இதை முதல் கூட்டத்திலேயே, காசை வாங்குவதற்கு முன்னாலேயே பேசுங்கள். வாங்கிவிட்டுச் சொன்னால் மனஸ்தாபம்தான் வரும்.

கணக்காக இவற்றைக் கொடுங்கள்: கடை ரசீது அசல், 60 பையும் அடுக்கி வைத்த படம், பை கட்டுகிற உங்கள் ஆட்களின் படம், எண் போட்ட பதிவேடு. பதிவேட்டில் 1 முதல் 60 வரை எண், தோட்டத்தின் பேர், தேதி, கொண்டு போன இருவரின் கையெழுத்து மட்டும் இருக்கட்டும். எந்த எண் எந்த வீடு என்ற தாள் ஒருவரிடம் மட்டும். அதை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் ஒரு மணி நேரத்தில் ஊர் முழுக்கப் போய்விடும். முடிந்ததும் கிழித்துவிடுங்கள். பணம் கொடுத்தவர்களில் இரண்டு பேரைப் பை கட்டக் கூப்பிடுங்கள். உளுந்தை அளந்து போட்டவர் படம் கேட்க மாட்டார்.

ஐசி நகல் கேட்கவே கேட்காதீர்கள். நம் லயங்களில் சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான அட்டை) வைத்திருக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள், பிறப்புப் பத்திரமே இல்லாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். சாரா என்கிற அரசாங்க மளிகை உதவி குடிமக்களின் மைகார்டு அடையாள அட்டையில்தான் வருகிறது, இவர்களுக்கு அது கிடையாது. உங்களிடமாவது கிடைக்கும் என்று நம்பி வருகிறவரிடம் ஐசியை நீட்டச் சொன்னால் எங்கே போவார்? ஆனால் சாராவில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. கார்டைக் கவுண்டரில் கொடுத்து, வேண்டியதைத் தானே எடுத்துக்கொண்டு, எல்லாரும் நிற்கிற அதே வரிசையில் நின்று போகிறார்கள்.

பிள்ளைகளைப் படம் எடுப்பதை அடியோடு விடுங்கள். பேஸ்புக்கில் போன படத்தை மறுநாள் வகுப்பில் இன்னொரு பிள்ளை காட்டிச் சிரிக்கும்.

செம்பருத்தி
வாசலில் என்ன பேசுவது என்பதையும் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். 'உதவி', 'ஏழைக் குடும்பம்', 'தேர்ந்தெடுத்திருக்கிறோம்' இந்த வார்த்தைகள் வாயில் வரக் கூடாது. 'தீபாவளிக்குக் கொஞ்சம் பலகாரச் சாமான் கொண்டு வந்தோம் அக்கா, இந்தாங்க' என்றால் போதும், இரண்டு கையாலும் கொடுங்கள். நம் ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1960-ல் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தபோது பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்குக்காரர் ஆன ஜனம் இது. அவர்களிடம் வள்ளல் மாதிரி பேசாதீர்கள்.

அதே லயத்தில் பங்களாதேஷ், இந்தோனேசியத் தொழிலாளர்கள் இருந்தால் பலகாரம் ஒரு தட்டு அவர்கள் அறைக்கும் போகட்டும், பிஸ்கட்டில் ஹலால் முத்திரை பார்த்து. அடுத்த வாசலைத் தாண்டிப் போவதும் கண்ணில் படும்.

சிப்புட் இளவட்டம்
புரிந்தது. மண்டபத்துக்குக் கட்டின முன்பணத்தைத் திருப்பிக் கேட்கிறோம். 65 பையாகக் கட்டலாம் என்று இருக்கிறோம், பட்டியலில் விட்டுப்போன வீடு கண்ணில் பட்டால் காரில் இருக்கட்டும் என்று.

கடைத்தெரு
அப்படியானால் அங்பாவும் 65 போடுங்கள் தம்பி, பத்து வெள்ளித் தாள் 260 ஆகும். மொத்தத்தில் 500 வெள்ளி கூடுதல், மண்டப முன்பணம் திரும்பி வந்தால் முதலில் அதை இதற்கு எடுங்கள்.