பெர்லின் வைசென்சேயில் யூதப் போர்வீரர்கள் பகுதி: போய் வந்த அனுபவம்

பெர்லினுக்கு வருகிற நம்ம ஆட்கள் பெரும்பாலும் பிராண்டன்பர்க் வாசல் பக்கத்தில் இருக்கிற யூதப் படுகொலை நினைவிடத்துக்குப் போய், அந்தச் சாம்பல் நிறக் கான்கிரீட் கட்டைகளுக்கு நடுவில் நின்று நாலு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். குறை சொல்லவில்லை, நானும் எடுத்தவன்தான். ஆனால் அதே ஊரில், வடகிழக்குப் பக்கம் ட்ராமில் போனால் வருகிற வைசென்சே யூதக் கல்லறைத் தோட்டத்தைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை. அதற்குள்ளே ஜெர்மனிக்காகப் போரிட்டுச் செத்த யூதச் சிப்பாய்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. ஆமாம், ஜெர்மனிக்காகத்தான். முதல் உலகப் போர்.

எனக்கு இது தெரிய வந்ததே சுற்றுவழியில். அதே போரில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களை பெர்லினுக்குத் தெற்கே சோசன் பக்கத்தில் முகாமில் வைத்திருந்தார்கள் இல்லையா, அங்கே இறந்துபோனவர்களின் கல்லறைகள் செரென்ஸ்டோர்ஃபில் இருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு வந்து ஆபீஸில் சொல்லிக்கொண்டிருந்தபோது, கூட வேலை பார்க்கிற ஜெர்மன்காரர் ஒருவர் அப்படியானால் வைசென்சேயையும் பார்த்துவிடு என்றார்.

கல்லறைத் தோட்டம் 1880இல் திறந்தது. 42 ஹெக்டேர், ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம் கல்லறைகளுக்கு மேல். உள்ளே போனால் காடு மாதிரி இருக்கிறது, பல கற்களை ஐவிக் கொடி முழுக்க மூடிவிட்டது, பணக்காரக் குடும்பங்களின் கல்லறைகள் சின்ன மண்டபம் கணக்காய் நிற்கின்றன. சிப்பாய்கள் பகுதி இதற்கு நேர்மாறு. சுற்றிச் சுவர், உள்ளே தாழ்வான கற்கள் வரிசை வரிசையாக, நடுநாயகமாக ஒரு நினைவுச் சின்னம். யூத சமூகத்தின் கட்டடக் கலைஞர் அலெக்சாண்டர் பேர் வடிவமைத்து 1927இல் திறந்தது.

போர் முடிந்து இத்தனை வருஷம் கழித்து ஏன் இவ்வளவு மெனக்கெட்டுக் கட்டினார்கள் என்பதற்கு ஒரு பின்னணி இருக்கிறது, அது தெரியாமல் போனால் இது இன்னொரு ராணுவக் கல்லறை, அவ்வளவுதான். 1916 அக்டோபரில், போர் உச்சத்தில் இருக்கும்போது, பிரஷ்யப் (அன்றைய ஜெர்மனியின் மிகப் பெரிய மாநிலம்) போர் அமைச்சகம் ராணுவத்தில் இருக்கிற யூதர்களை மட்டும் கணக்கெடுக்கச் சொன்னது. யூதர்கள் முன்னணிக்குப் போகாமல் தப்பிக்கிறார்கள் என்ற புகாருக்காக. எடுத்த கணக்கைப் போர் முடியும்வரை வெளியிடவே இல்லை, வெளியிடாததாலேயே வதந்தி நன்றாக வளர்ந்தது. உண்மையில் போருக்குப் போன யூதர்கள் சுமார் ஒரு லட்சம், இறந்தவர்கள் சுமார் 12,000. அதனால் 1919இல் முன்னாள் யூத வீரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள், 1932இல் இறந்தவர்களின் பெயர்களைத் தொகுத்துத் தடிமனான புத்தகமே போட்டார்கள். இந்தச் சுவரையும் கல்லையும் பார்த்தபோது எனக்குத் துக்கத்தை விட வழக்காடுகிற குரல்தான் அதிகம் கேட்டது. நாங்களும் செத்தோம், இதோ பார் என்கிற குரல். கேட்க வேண்டியவன் காதில் அது விழவில்லை என்பது நமக்கு இப்போது தெரியும். ஹிட்லருக்கு 1918இல் முதல் வகுப்பு இரும்புச் சிலுவை என்கிற வீரப் பதக்கம் கிடைக்கப் பரிந்துரை செய்த அதிகாரியே ஹூகோ குட்மன் என்கிற யூதர்தான், இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

நான் போன அன்று அங்கே வயதான ஒருவர் குனிந்து ஒரு கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். இஸ்ரேலில் இருந்து வந்தவர், அவருடைய தாத்தாவின் தம்பியாம் அங்கே படுத்திருப்பது. பேச்சுக் கொடுத்தேன், நன்றாகவே பேசினார். தாத்தாவும் போருக்குப் போய் உயிரோடு திரும்பி அரசு வேலையில் சேர்ந்தவர். 1933 ஏப்ரலில் யூதர்களை அரசுப் பணியில் இருந்து நீக்கச் சட்டம் வந்தபோது, அப்போதைய ஜனாதிபதி ஹிண்டன்பர்க் வற்புறுத்தியதால் முன்னணியில் போரிட்டவர்களுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். தாத்தா தப்பித்தார். 1935இல் அந்த விலக்கும் போனது. விலக்கு கொடுக்காமல் அப்போதே விரட்டியிருந்தால் குடும்பம் மொத்தமும் ஊரை விட்டுப் போயிருக்கும், அந்த இரண்டு வருஷம்தான் எங்களைக் கெடுத்தது என்று அவர் சாதாரணமாகச் சொன்னார், மழை தாமதமாக வந்தது என்று சொல்கிற மாதிரி. மகனை மட்டும் பாலஸ்தீனத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள், அதனால்தான் இவர் இருக்கிறார். மற்றவர்களைப் பற்றி நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து தேடியபோதுதான் அலெக்சாண்டர் பேரும் 1944இல் தெரேசியன்ஸ்டாட் என்கிற நாஜி முகாமில் இறந்தார் என்று தெரிந்தது. பதக்கம் வாங்கிய யூத வீரர்களை "சலுகையாக" அனுப்பிய இடமும் அதேதான்.

இப்போது ஜெர்மன் ராணுவம் ஒவ்வொரு நவம்பரிலும் போரில் இறந்தோர் நினைவு நாளில் இந்தப் பகுதியில் மாலை வைக்கிறது. போக நினைப்பவர்களுக்கு: சனிக்கிழமை திறக்க மாட்டார்கள், ஆண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும், சாதாரணத் தொப்பி போதும். பூ வாங்கிக்கொண்டு போகாதீர்கள், அங்கே கூழாங்கல் வைப்பதுதான் வழக்கம். மியூனிக் யூதக் கல்லறைத் தோட்டத்திலும் இதே மாதிரி ஒரு போர் நினைவுச் சின்னம் உண்டு, நான் இன்னும் போகவில்லை. யாராவது பார்த்திருந்தால் எழுதுங்கள்.