சாட்டிருக்கு ஆட்டுக்கால் உண்டா?

ஏட்டுச்சுவடி:
கிரேக்கக் கதைகளைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் சாட்டிர் என்றாலே "இடுப்புக்கு மேல் மனிதன், கீழே ஆடு" என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு இது உடன்பாடில்லை. கொம்பும் குளம்பும் பான் என்ற தெய்வத்துக்கு உரியவை. அவன் ஆர்க்கேடியா மலைநாட்டு இடையர்களின் கடவுள். சாட்டிர்களோ மதுவின் தெய்வமான டயோனிசஸுக்குப் பின்னால் ஆடிப்பாடி வரும் கூட்டம். பழைய ஏதென்ஸ் ஜாடிகளில் அவர்களுக்குக் குதிரைக் காதும் குதிரை வாலும்தான் இருக்கின்றன. ஃப்ளோரன்ஸில் உள்ள பிரான்சுவா ஜாடி கி.மு. 570 வாக்கில் செய்தது. அதில் அவர்களுக்குக் காலே குதிரைக்கால்.

மலையாடு:
நண்பரே, அந்த ஜாடியில் அவர்கள் பக்கத்தில் எழுதியிருக்கும் பெயர் 'சிலேனோய்', அதாவது சிலேனஸ் என்பதன் பன்மை. சாட்டிர் என்று இல்லை. அதை விட்டுவிட்டீர்களே! நாடகங்களுக்கு வாருங்கள். பழைய கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீஸின் 'சைக்ளோப்ஸ்' நாடகத்தில் சாட்டிர்கள் ஆட்டுத்தோல் போர்த்தியிருப்பதாக அவர்களே சொல்கிறார்கள். இன்னொரு நாடகாசிரியரான எஸ்கைலஸின் ஒரு நாடகத்தில், முதன்முதலாக நெருப்பைப் பார்த்து அதை முத்தமிடப் போன சாட்டிரிடம் "ஆடே, உன் தாடிக்காக அழப்போகிறாய்" என்று, நெருப்பைக் கொண்டுவந்த ப்ரொமீதியஸ் எச்சரிக்கிறான். குதிரை என்று நினைத்தவர்கள் ஏன் ஆடே என்று கூப்பிட வேண்டும்?

ஏட்டுச்சுவடி:
பெயரைச் சொல்லாமல் விட்டது என் பிழைதான். ஆனால் நீங்கள் காட்டும் அதே 'சைக்ளோப்ஸ்' நாடகத்தில் சிலேனஸ்தான் சாட்டிர்களின் தகப்பன். இரண்டும் ஒரே குடும்பம். அப்புறம், அங்கே அவர்கள் ஒற்றைக்கண் அரக்கனுக்கு அடிமைகளாகி ஆடு மேய்க்கிறார்கள். டயோனிசஸைப் பிரிந்து, இந்தப் பாழாய்ப்போன ஆட்டுத்தோலைச் சுற்றிக்கொண்டு அலைகிறோமே என்று புலம்புகிறார்கள். பிறவியிலேயே பாதி ஆடாக இருந்தால் அந்தத் தோலுக்காக ஏன் புலம்ப வேண்டும்? தாடி விஷயத்தில், அது வெறும் கேலிப்பெயராக இருக்கலாம். ஆட்டுத்தாடி வைத்த மனிதனையும் நாம் அப்படிக் கூப்பிடுவோம்.

வேப்பமரம்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ரோமர்களின் ஃபான் எங்கே வருகிறது?

ஏட்டுச்சுவடி:
ஃபான் என்ற பெயர் ஃபானஸிலிருந்து வந்தது; ஃபானஸ் ரோமர்களின் காட்டுத் தெய்வம். அவனைப் பானோடு சேர்த்துப் பார்த்தார்கள். கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமக் கவிஞர்களான லுக்ரீஷியஸ், ஹொராஸ் இருவருமே 'ஆட்டுக்கால் சாட்டிர்' என்று எழுதிவிட்டார்கள். அதற்குள் எல்லாம் கலந்துவிட்டது. பெயர்க் குழப்பம் இன்னும் தீரவில்லை. ம்யூனிக்கில் தூங்கிக்கொண்டிருக்கும் புகழ்பெற்ற சிலையான பார்பெரினி ஃபான் உண்மையில் ஒரு கிரேக்கச் சாட்டிர். அவனுக்கு இருப்பது மனிதக் கால்.

மலையாடு:
சரி, ஜாடிகளில் ஆட்டுக்கால் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆடு வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டது என்பதை ஏற்க மாட்டேன். நேப்பிள்ஸில் இருக்கும் ப்ரொனோமோஸ் ஜாடியைப் பாருங்கள், ஏறக்குறைய கி.மு. 400. சாட்டிர் வேஷக் கூட்டம் வரும் வேடிக்கை நாடகமான சாட்டிர் நாடகத்தில் ஆடும் நடிகர்கள் வேஷத்தோடு நிற்கிறார்கள். பின்னால் குதிரை வால், சரி. இடுப்பில்? அடர்ந்த ரோமம் வைத்த அரைக்கச்சை. அது ஆட்டுத்தோல் என்றே நான் பார்க்கிறேன். சாட்டிராக மாற ஒவ்வொரு நடிகனும் இடுப்பில் ஆட்டைக் கட்டிக்கொண்டான். பிற்காலத்தார் வரைந்த ரோமக்கால் அங்கிருந்துதான் வந்தது.

ஏட்டுச்சுவடி:
அரைக்கச்சை நல்ல சான்று, நான் அதை யோசிக்கவில்லை. ஆனால் ரோமத்தோடு குளம்பும் வந்ததே, அது எப்படி? அதற்குப் பான் வேண்டும். கி.மு. 490இல் மாரத்தான் போருக்கு முன் உதவி கேட்டு ஸ்பார்ட்டாவுக்கு ஓடிய ஏதென்ஸ் தூதன் ஃபிடிப்பிடீஸை டெகெயாவுக்கு மேலே மலையில் பான் மறித்து, ஏதென்ஸ் மக்கள் தன்னை ஏன் கவனிப்பதில்லை என்று கேட்டதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். போர் முடிந்ததும் ஏதென்ஸின் கோட்டைக்குன்றான அக்ரோபோலிஸுக்குக் கீழே ஒரு குகையில் அவனுக்குக் கோவில் அமைத்தார்கள். அதன் பிறகுதான் ஏதென்ஸ் ஜாடிகளில் டயோனிசஸின் கூட்டத்துக்குள் சாட்டிர்களோடு சாட்டிராகப் பானும் வந்து நிற்கிறான்.