மோடம் ‘ஓகே’ என்கிறது, ஆனால் அழைப்பை எடுப்பதில்லை: கோளாறு கேபிளிலா, இணைப்பிலா?

ஈசூன்வாசி எழுதியது:

வணக்கம். சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் உள்ள ஒரு சிறிய சரக்கு முகவர் அலுவலகத்தின் இரண்டு சர்வர்களைப் பகுதி நேரமாகப் பார்த்துக்கொள்கிறேன். இணையம் அடியோடு போய்விட்டாலும் உள்ளே நுழைய ஒரு வழி வேண்டும் என்பதற்காக, பழைய சர்வரின் ஆர்எஸ்-232 சீரியல் போர்ட்டில் ஒரு டயல்-அப் மோடம் பல ஆண்டுகளாக இணைக்கப்பட்டிருக்கிறது. நள்ளிரவில் டாக்சி பிடித்து ஓடவேண்டிய வேலையை அது இரண்டு மூன்று முறை மிச்சப்படுத்தியிருக்கிறது.

சென்ற மாதம் அலுவலகத்தில் புதுப்பிப்பு வேலை நடந்தபோது எல்லாக் கேபிள்களும் கழற்றப்பட்டன. மோடத்தின் சீரியல் கேபிள் காணாமற்போனதால் 9 பின் கொண்ட வேறொன்றை வாங்கி மாட்டினேன். மினிகாம் என்ற சீரியல் முனைய நிரலில் மோடத்துக்கான ‘ஏடி’ கட்டளையைத் தட்டினால் பதிலே இல்லை. பிறகு 2, 3, 5 ஆகிய மூன்று பின்களை மட்டும் நேருக்கு நேர் பற்றவைத்து நானே ஒரு கேபிள் செய்தேன். அதில் ‘ஓகே’ வருகிறது. ஆனால் முதல் மணியிலேயே தானாக எடுக்கச் சொல்லும் ‘ஏடிஎஸ்0=1’ என்று அமைத்த பிறகும், மணி அடிக்கும்போது தானியங்கிப் பதிலுக்கான ஏஏ விளக்கு மினுங்குகிறதே தவிர மோடம் அழைப்பை எடுப்பதில்லை. அதே வேலையின்போது தொலைபேசி இணைப்பும் செம்புக் கம்பியிலிருந்து கண்ணாடியிழைப் பெட்டியின் தொலைபேசித் துளைக்கு மாறிவிட்டது. புது மோடம் வாங்கலாமா என்று முதலாளி கேட்கிறார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

பழையகம்பி எழுதியது:

மோடத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ‘ஓகே’ வந்துவிட்டது என்றால் சர்வரின் போர்ட்டும் மோடமும் நலமாக இருக்கின்றன என்று பொருள். உங்களிடம் இருப்பவை இரண்டு தவறான கேபிள்கள். இரண்டும் வெவ்வேறு விதத்தில் தவறானவை.

கடையில் வாங்கியது ‘நல் மோடம்’ (null modem) கேபிளாக இருக்கவேண்டும். அது இரண்டு கணினிகளை நேரடியாகப் பிணைப்பதற்கு உரியது. அதற்குள் 2ஆம் பின்னும் 3ஆம் பின்னும் குறுக்காக இணைக்கப்பட்டிருக்கும். சர்வருக்கும் மோடத்துக்கும் இடையே நேர்க் கேபிள்தான் வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் மல்டிமீட்டர் இருந்தால் ஒரு நிமிட வேலை: கேபிளைச் சர்வரில் மட்டும் மாட்டிவிட்டு, மறுமுனையில் கறுப்பு முள்ளை 5ஆம் பின்னில் வையுங்கள். சர்வர் எதையும் அனுப்பாமல் சும்மா இருக்கும்போது ஏறத்தாழ மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வோல்ட் வரை 3ஆம் பின்னில் தெரிந்தால் நேர்க் கேபிள், 2ஆம் பின்னில் தெரிந்தால் நல் மோடம். மீட்டர் இல்லையென்றால் மோடத்தின் முகப்பைப் பாருங்கள்: நீங்கள் எழுத்துகளைத் தட்டும்போது எஸ்டி விளக்கு ஒருமுறைகூட மினுங்காவிட்டால், நீங்கள் அனுப்புவது மோடத்தைச் சென்றடையவே இல்லை.

நீங்கள் செய்த மூன்று கம்பிக் கேபிளில், ‘கணினி தயார்’ என்று மோடத்துக்குச் சொல்லும் டிடிஆர் எனப்படும் 4ஆம் பின் இல்லை. ‘ஏடி&டி2’ என்ற அமைப்பில் உள்ள மோடம், டிடிஆர் வராத வரையில் எதிர்முனையில் ஆள் இல்லை என்று எடுத்துக்கொண்டு தானாக அழைப்பை ஏற்காது. டிடிஆரைக் காட்டும் டிஆர் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாது என்றே நினைக்கிறேன். டிடிஆரைப் பொருட்படுத்தாதே என்று சொல்லும் ‘ஏடி&டி0’ கொடுத்தால் மோடம் அழைப்பை எடுத்துவிடும், ஆனால் அப்படிச் செய்யாதீர்கள். அந்தக் கேபிளில், அழைப்பு இணைந்திருப்பதைச் சர்வருக்குச் சொல்லும் டிசிடி எனப்படும் 1ஆம் பின்னும் இல்லை என்பதால், பாதியில் அழைப்பு அறுந்தாலும் சர்வருக்கு அது தெரியாது. நீங்கள் ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள பயனராக, நுழைந்திருந்தால் அந்த அமர்வு அப்படியே திறந்து கிடக்கும், அடுத்து அந்த எண்ணை அழைப்பவர் கடவுச்சொல் இல்லாமலேயே அதற்குள் வந்து உட்காருவார். சிம் லிம் டவரில் ஒன்பது பின்களும் நேராக இணைக்கப்பட்ட கேபிளைக் கேட்டு வாங்குங்கள். கடையிலேயே மீட்டரால் சோதித்துத் தரச் சொல்லுங்கள்.

தெம்பனிஸ்_நிர்வாகி எழுதியது:

மேலே சொன்னதோடு ஒன்று. சீரியல் போர்ட்டில் லாகின் கேட்கும் நிரலான ‘கெட்டி’யை (getty) ‘-எல்’ என்ற தெரிவோடு இயக்கினால் அது டிசிடியைப் பொருட்படுத்தாது. கேபிளைச் சரிசெய்த பிறகு அதை நீக்கிவிடுங்கள். மோடத்தில் ‘ஏடி&சி1’ (டிசிடி உண்மை நிலையைக் காட்ட), ‘ஏடிஇ0’ (எதிரொலியை நிறுத்த), ‘ஏடிக்யூ1’ (பதில் செய்திகளை நிறுத்த) ஆகியவற்றையும் கொடுத்து ‘ஏடி&டபிள்யூ’ மூலம் சேமித்துக்கொள்ளுங்கள். இல்லையேல் கெட்டி அனுப்பும் லாகின் கேள்வியை மோடம் அப்படியே எதிரொலிக்க, அதைப் பயனர் பெயர் என்று கெட்டி எடுத்துக்கொள்ள, இரண்டும் இரவெல்லாம் தமக்குள் பேசிக்கொண்டிருக்கும். பதிவுக் கோப்பு வீங்கிய பிறகுதான் எனக்கு இது தெரியவந்தது.

ஈசூன்வாசி எழுதியது:

இருவருக்கும் நன்றி. கடையில் வாங்கியது நல் மோடம் கேபிள்தான். 2ஆம் பின்னில் மைனஸ் 6 வோல்ட் காட்டியது. நேர்க் கேபிளை மாட்டியதும் டிஆர் விளக்கு எரிந்தது, முதல் மணியிலேயே மோடம் எடுத்தது. ஆனால் வீட்டிலிருந்து இணைந்தால் வேகம் 28,800 பிட் என்று காட்டிவிட்டு, ஓரிரு நிமிடங்களில் அறுந்துவிடுகிறது. அதே எண்ணில் சாதாரணத் தொலைபேசியை மாட்டிப் பேசினால் குரல் மணிமணியாகக் கேட்கிறது.

ஜூரோங்_இரவுப்பணி எழுதியது:

குரல் தெளிவாகக் கேட்பதை வைத்து இணைப்பை எடைபோட முடியாது. கண்ணாடியிழைப் பெட்டி குரலைப் பெரும்பாலும் 20 மில்லிவினாடி கொண்ட பொட்டலங்களாக நறுக்கி அனுப்புகிறது. ஒரு பொட்டலம் தொலைந்தால் அந்த இடைவெளியைப் பெட்டி ஒப்பேற்றி நிரப்பிவிடும், காது அதைக் கவனிக்காது. மோடத்துக்கோ அது அலை நடுவில் வெட்டப்பட்டது போன்றது, உடனே இணைப்பை மறுபடி அளந்து சரிசெய்யும் மறுபயிற்சிக்குப் போகும், சில முறை முயன்று தோற்றதும் வைத்துவிடும். குரலை அதிகம் சுருக்காமல் அனுப்பும் 64 கிலோபிட் ஜி.711 முறையில் ஓரளவு தாக்குப்பிடிக்கும், ஜி.729 போல இறுக்கிச் சுருக்கும் முறையில் அதிவேக இணைப்பு நிற்காது. மோடத்தின் கையேட்டைப் பார்த்து வி.22பிஸ், அதாவது 2,400 பிட் வேகத்தில் பூட்டி முயன்று பாருங்கள். ஒரு சர்வீஸை மறுதொடக்கம் செய்ய அது போதும்.

நிரந்தரத் தீர்வு என்றால் எல்டிஇ (4ஜி) ரௌட்டர்தான். பழைய சரக்கு மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள்: இங்கே 2ஜி சேவை 2017 ஏப்ரலில் நின்றது, 3ஜியும் 2024இல் விடைபெற்றது. கைத்தொலைபேசி சிம் கார்டுகளுக்குப் பெரும்பாலும் பொது ஐபி முகவரி கிடைக்காது என்பதால், வெளியிலிருந்து உள்ளே அழைக்க முயலாமல் ரௌட்டரே வெளியே விபிஎன் தொடுக்கும்படி அமையுங்கள். சர்வரின் மேலாண்மைப் போர்ட்டை எக்காரணம் கொண்டும் நேரடியாக இணையத்தில் திறக்காதீர்கள்.

ஈசூன்வாசி எழுதியது:

2,400இல் பூட்டியபின் நேற்றிரவு நாற்பது நிமிடம் அறுபடாமல் நின்றது. எழுத்துகள் ஒவ்வொன்றாக நடந்து வருகின்றன, ஆனால் வருகின்றன. அலுவலகத்திலிருந்த ஒரு சக ஊழியரைத் தொலைபேசிக் கம்பியை நடுவில் பிடுங்கச் சொன்னேன்: சில வினாடிகளில் டிசிடியைக் காட்டும் சிடி விளக்கு அணைந்தது, அமர்வு முடிந்ததாகப் பதிவுக் கோப்பில் வரியும் விழுந்தது. கம்பியை மாட்டி மறுபடி அழைத்தபோது கடவுச்சொல்லைக் கேட்டது. எல்டிஇ ரௌட்டருக்கு அடுத்த மாதம்தான் முதலாளி பணம் ஒதுக்குவாராம். அதுவரை இது ஓடட்டும்.