மண்டபத்தில் கிடார் தகர டப்பா மாதிரி கேட்கிறது, வழி சொல்லுங்கள்

குடந்தை ஆறுகம்பி

வணக்கம். கும்பகோணத்தில் இருக்கிறேன். நான், கஹோன் (மேலே உட்கார்ந்து கையால் தட்டுகிற மரப்பெட்டி) வாசிக்கும் நண்பன், பாடுவதற்கு என் மாமா பெண் என்று மூன்று பேராகக் கல்யாண ரிசப்ஷன்களுக்குப் போகிறோம். கீபோர்டு, ரிதம் பேடு எதுவும் கிடையாது. முழுப் பாட்டையும் ஒரு கிடார்தான் தாங்க வேண்டும்.

வீட்டுத் திண்ணையில் வாசித்தால் என் கிடார் அவ்வளவு நன்றாக இருக்கும். மேல்பலகை முழு ஸ்ப்ரூஸ் மரம். போன வருஷம் கடையில் கொடுத்து, சேடிலுக்கு (தந்திகள் ஏறி நிற்கிற சின்னப் பட்டை) அடியில் பீசோ பிக்கப் (தந்தி அதிர்வை மின்சாரமாக மாற்றும் பட்டை) வைத்தேன். பேட்டரி கிடையாது, குமிழ் கிடையாது, வால் பக்கம் ஒரு ஜாக் மட்டும்தான்.

வைகாசி முகூர்த்தத்தில் மன்னார்குடிப் பக்கம் ஒரு மண்டபம். சுவர் முழுக்க டைல்ஸ், மேலே தகர ஷீட். மைக்செட் தம்பி என் கேபிளை நேராக மிக்ஸரில் சொருகினார். முதல் கார்டு அடித்ததும் எனக்கே பகீர் என்றது. எவர்சில்வர் தட்டை ஸ்பூனால் தட்டுகிற மாதிரி 'டிங் டிங்' என்று வருகிறது. அடித்தந்திகள் இருக்கிற இடமே தெரியவில்லை. பேஸை ஏற்றச் சொன்னேன், கெயினை ஏற்றச் சொன்னேன். ஏற்ற ஏற்ற, ஏ கார்டு பிடிக்கும்போதெல்லாம் 'ஊ...' என்று ஊளை. முன்வரிசையில் ஒரு பாட்டி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் பெண்ணின் அப்பா மேடைக்கு வந்தார். "தம்பி, கிடார் மட்டும் வேண்டாமே, பாட்டு போதும்" என்று தன்மையாகத்தான் சொன்னார். மீதி ஒன்றரை மணி நேரம் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கஹோனும் குரலும் மட்டும் போனது.

புது கிடார் வாங்க வேண்டுமா, பிக்கப்பை மாற்ற வேண்டுமா, இல்லை மைக் வைத்தால் சரியாகுமா? ஆனி முகூர்த்தத்துக்குள் சரிசெய்தாக வேண்டும்.

நாகை பாடகர் குழு

நாங்கள் கோவில் பாடகர் குழுவில் மைக்தான் வைக்கிறோம். கிடார் கழுத்து உடம்போடு சேருகிற இடத்தில், 12ஆம் ஃபிரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி) பக்கம், ஒரு சாண் தள்ளி. ஓட்டைக்கு நேராக வைத்தால் 'கும் கும்' என்று அடைக்கும், வைக்காதீர்கள். மரத்தின் சத்தம் அப்படியே கிடைக்கிறது. ஆனால் எங்களுக்கு மானிட்டர் பாக்ஸ் (வாசிக்கிறவர் தன் சத்தத்தைக் கேட்க வைக்கும் ஸ்பீக்கர்) கிடையாது, பக்கத்தில் டிரம்ஸ் கிடையாது, ஆளும் அசையாமல் உட்கார்ந்து வாசிப்பார். கஹோன் பக்கத்திலேயே இருந்தால் உங்கள் மைக்கில் பாதி கஹோன்தான் விழும்.

மாயவரம் மைக்செட்

தம்பி, 22 வருஷமாக சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். தேர், திருவிழா, கட்சிக் கூட்டம், கச்சேரி எல்லாம் பார்த்தாயிற்று. உங்கள் கிடார் மேலும் தப்பில்லை, பிக்கப் மேலும் தப்பில்லை. கிடாருக்கும் மிக்ஸருக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஒரு சாமான் இல்லை, அவ்வளவுதான். புதுசு எதுவும் வாங்கிவிடாதீர்கள்.

நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். பீசோ என்பது ஊற்று மாதிரி. தண்ணீர் கசிந்து கசிந்துதான் வரும். அதற்கு எதிரில் சின்ன மடை இருந்தால் நீர் தேங்கி மட்டம் ஏறும், பெரிய மடையைத் திறந்துவிட்டால் நிற்கவே நிற்காது. மடை என்று நான் சொல்வது கேபிள் சொருகும் ஓட்டையின் மின்தடையை, ஓம் குறைந்தால் மடை பெரிது. மிக்ஸரின் லைன் ஓட்டை சாதாரணமாக 10,000 ஓம் பக்கம் இருக்கும், மைக் ஓட்டை இன்னும் கம்மி, ஒன்றிரண்டு ஆயிரம்தான். பீசோவுக்கு அது பெரிய மடை. அதற்குக் குறைந்தது 10 லட்சம் ஓம் வேண்டும், அதாவது 1 மெகா ஓம். 10 மெகா ஓம் கிடைத்தால் இன்னும் உத்தமம்.

இதில் கவனிக்க வேண்டியது, சத்தம் மட்டும் குறைவதில்லை. பீசோ மின்சாரக் கணக்கில் ஒரு கெப்பாசிட்டர். எதிரில் ஓம் குறையக் குறைய, கீழ் சுரம்தான் முதலில் போகும். உங்கள் ஆறாம் தந்தி 82 ஹெர்ட்ஸ். அது மிக்ஸருக்குப் போய்ச் சேரவே இல்லை. சேராததை ஈக்யூவில் (பேஸ், ட்ரெபிள் ஏற்றி இறக்கும் குமிழ்கள்) ஏற்றினால் என்ன வரும்? இரைச்சலும் ஊளையும்தான் வரும். அன்றைக்கு அந்தத் தம்பி பேஸ் குமிழைத் திருப்பியது வாய்க்காலே வெட்டாத வயலில் நின்றுகொண்டு தண்ணீர் பாய்ச்சுகிற மாதிரி.

சரி, வேண்டியது என்ன? ஆக்டிவ் டிஐ பாக்ஸ், இல்லையென்றால் கிடாருக்கான பிரீஆம்ப். இரண்டுமே பிக்கப்புக்கு வேண்டிய அதிக ஓமைக் கொடுத்து, சத்தத்தை மிக்ஸருக்கு ஏற்ற மாதிரி மாற்றி அனுப்பும் சின்னப் பெட்டிகள். 'ஆக்டிவ்' என்ற சொல்லைக் கேட்டு வாங்குங்கள். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் உள்ள பேசிவ் பாக்ஸும் கடையில் விலை குறைவாகக் கிடைக்கும். அதன் உள்ளீடு பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை லட்சம் ஓம்தான், உங்கள் பிக்கப்புக்குப் போதாது. ஆக்டிவ் பாக்ஸுக்கு மிக்ஸரிலிருந்து 48 வோல்ட் ஃபேன்டம் (மைக் கேபிள் வழியாகவே போகும் மின்சாரம்) போக வேண்டும், அந்தச் சுவிட்சைப் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் பேட்டரி போடுங்கள். கிடாரிலிருந்து பாக்ஸுக்குப் போகும் கேபிள் நீளமாக இருக்கக்கூடாது, 3 மீட்டர் போதும். பாக்ஸை உங்கள் காலடியிலேயே வையுங்கள். அங்கிருந்து மிக்ஸருக்கு மைக் கேபிள் 30 மீட்டர் போனாலும் கவலையில்லை.

அடுத்தது ஊளை. ஏ கார்டில்தான் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், அது நல்ல அடையாளம். கிடார் உடம்புக்குள் இருக்கும் காற்றுக்கு என்று ஒரு சுரம் உண்டு. பெரிய உடம்பு கிடாருக்கு 100 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் இருக்கும். உங்கள் ஐந்தாம் தந்தி 110. ஸ்பீக்கரிலிருந்து வரும் அந்தச் சுரம் கிடார் வயிற்றைக் குலுக்குகிறது, குலுங்கினது மறுபடி பிக்கப்புக்குப் போகிறது, வட்டம் சுற்றுகிறது.

அந்தச் சுரத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். கிடாரின் ஓட்டைக்குப் பக்கத்தில் வாயை வைத்து, அடிக்குரலில் 'ம்...' என்று ஆரம்பித்து மெல்ல மேலே இழுங்கள். ஒரு இடம் வரும்போது கிடாரின் முதுகு உங்கள் வயிற்றில் ஜிவ்வென்று அதிரும். அதுதான். கிடாருக்குக் கிடார் கொஞ்சம் தள்ளித் தள்ளி இருக்கும், அதனால் உங்களுடையதை வீட்டிலேயே பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள். மிக்ஸரில் அந்த இடத்தை மட்டும் ஒடுக்கமாக வெட்டச் சொல்லுங்கள். பிரீஆம்பில் 'நாட்ச்' என்று ஒரு குமிழ் இருந்தால் அது இந்த வேலைக்குத்தான். 'ஃபேஸ்' (சத்த அலையைத் தலைகீழாக்கும்) பொத்தான் இருந்தால் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். எந்தப் பக்கம் ஊளை குறைகிறதோ அப்படியே விட்டுவிடுங்கள், இடத்துக்கு இடம் மாறும்.

எல்லாவற்றையும்விட மலிவு, ஓட்டையை மூடுவது. ரப்பர் மூடி விற்கிறது. கிடைக்காவிட்டால் யோகா பாயில் வட்டமாக வெட்டி அழுத்தி வையுங்கள். சேடில் பிக்கப்புக்கு அதனால் சத்தம் பெரிதாகக் கெடாது. மைக் வைத்தால் மட்டும் மூடக்கூடாது.

மானிட்டர் பாக்ஸ் உங்கள் கிடார் முகத்தைப் பார்த்து இருக்கக்கூடாது. ஓரமாக, உங்கள் காதை நோக்கி. பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ்கள் உங்களுக்கு முன்னால் போய்விட வேண்டும். நிறைய மண்டபத்தில் மணமக்கள் நாற்காலிக்கு இடம் விட வேண்டும் என்று பாக்ஸைப் பின்னால் தள்ளிவிடுகிறார்கள், வாசிக்கிறவர் அதன் வாய்க்கு எதிரே மாட்டிக்கொள்கிறார். மேடை அலங்காரம் முடிவதற்கு முன்னாலேயே போய் இடத்தைப் பேசுங்கள். பூக்காரர் வந்த பிறகு யாரும் நம் பேச்சைக் கேட்க மாட்டார்கள்.

ஈக்யூ கடைசியில்தான். கீழே 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் வெட்டு. 1லிருந்து 2.5 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் தேடினால் அந்த எவர்சில்வர் சத்தம் ஓரிடத்தில் சிக்கும், அதை இறக்குங்கள். ஏற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், இறக்கிச் சரிசெய்யுங்கள். எக்கோ வேண்டவே வேண்டாம், டைல்ஸ் சுவரே போதுமான எக்கோ கொடுக்கிறது. காலி மண்டபத்தில் கூர்மையாகக் கேட்டால் உடனே எல்லாவற்றையும் வெட்டிவிடவும் வேண்டாம். ஐநூறு பேர் பட்டுப்புடவையோடு வந்து உட்கார்ந்தால் அந்தக் கூர்மையில் பாதியை அவர்களே உறிஞ்சிவிடுவார்கள்.

இன்னொன்று. 'ர்ர்' என்று இரைச்சல் வந்தால் சீரியல் லைட்டும் மைக்செட்டும் ஒரே லைனில் இருக்கிறதா என்று பாருங்கள். ஜெனரேட்டருக்கு மாற்றும்போது பெரும்பாலும் அப்படி ஆகிவிடுகிறது. டிஐ பாக்ஸில் 'கிரவுண்ட் லிஃப்ட்' சுவிட்ச் இருக்கும், அதைத் தட்டுங்கள். பிளக்கின் எர்த் பின்னை மட்டும் யாரையும் பிடுங்க விடாதீர்கள். உங்கள் கை தந்தியில் இருக்கிறது, உங்கள் மாமா பெண்ணின் வாய் மைக்கில் இருக்கிறது. சத்தம் நன்றாக வருகிறது என்பதற்காக உயிரை அடகு வைக்க முடியாது.

தஞ்சை மேலவீதி

தம்பி, நான் வீணை வாசிப்பவள். கிடார் தெரியாது, ஆனால் இந்தக் கஷ்டம் தெரியும். வீணையின் சத்தம் இயல்பிலேயே சின்னது. பலாமரக் குடத்தில் கான்டாக்ட் மைக் ஒட்டித்தான் பெரிய சபையில் வாசிக்கிறேன். ஆரம்பத்தில் கடைக்காரர் ஒட்டிக் கொடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு மூன்று வருஷம் அவதிப்பட்டேன். ஒருநாள் அதைப் பிய்த்து, விரல் அகலம் விரல் அகலமாக நகர்த்தி நகர்த்தி, மகளை அடுத்த அறையில் உட்காரவைத்துக் கேட்கச் சொன்னேன். இரண்டு விரல் அகலம் நகர்த்தியதில் வேறு வீணை மாதிரி ஆகிவிட்டது. உங்கள் பிக்கப்பும் கடையில் வைத்ததுதானே? அது சேடிலுக்கு அடியில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தீர்களா? ஒரு தந்தி உரக்கவும் ஒரு தந்தி அமுங்கியும் கேட்டால் அங்கேதான் கோளாறு.

அப்புறம் நம் ஊர் ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊறி உப்பும், சித்திரை வெயிலில் இறங்கும். என் வீணையின் மெழுகே சித்திரையில் இளகி, மெட்டு அசைந்துவிடும். கிடார் மரத்துக்கும் அந்த உப்பல் இல்லாமல் இருக்காது. கச்சேரிக்குக் கொஞ்சம் முன்கூட்டியே பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, மண்டபத்துக் காற்றுக்குப் பழகவிட்டு அப்புறம் சுருதி சேருங்கள். ஏசி அறையிலிருந்து நேராக மேடைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

குடந்தை ஆறுகம்பி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஆடி பிறப்பதற்கு முன் கடைசி முகூர்த்தம் நேற்று முடிந்தது, திருவாரூர்ப் பக்கம் ஒரு மண்டபம்.

மைக்செட் அண்ணே, ஆக்டிவ் டிஐ பாக்ஸ் ஒன்றைத் தெரிந்தவரிடம் கடன் வாங்கிப் போனேன். சொருகிவிட்டு 48 வோல்ட் போடச் சொன்னேன். ஈக்யூ எல்லாம் நடுவில்தான் இருந்தது, யாரும் தொடவில்லை. ஆறாம் தந்தியை வெறுமனே ஒருமுறை தட்டினேன். மண்டபத்தின் அந்தக் கோடியில் பந்தி இலை போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். நான் ஆறு வருஷமாக வாசிக்கிற கிடார் இதுதானா என்று இருந்தது.

ஊளைக்கு 'ம்' இழுத்துப் பார்த்தேன். என் கிடார் ஆறாம் தந்தியின் நாலாவது, ஐந்தாவது ஃபிரெட்டுக்கு நடுவில் அதிர்கிறது. நீங்கள் சொன்ன கணக்குக்குள்தான் வருகிறது. யோகா பாய் வெட்டி அடைத்தேன், மானிட்டரை என் வலது காதுப் பக்கம் திருப்பினேன். இரண்டு மணி நேரத்தில் ஒரே ஒரு தடவை லேசாக முனகியது, உள்ளங்கையை மேல்பலகையில் வைத்ததும் அடங்கிவிட்டது.

வீணை அக்கா, நீங்கள் சொன்னதும் சரிதான். சத்தம் முழுதாக வந்த பிறகுதான் தெரிகிறது, இரண்டாம் தந்தி மட்டும் மற்றதைவிடத் துள்ளுகிறது, முதல் தந்தி அமுங்குகிறது. தந்தியைத் தளர்த்திச் சேடிலை எடுத்துப் பார்த்தேன். அடிப்பக்கத்தைக் கண்ணாடி மேல் நிறுத்தி டார்ச் அடித்தால் முதல் தந்திப் பக்கம் மயிரிழை வெளிச்சம் தெரிகிறது. இதை நானே தேய்க்கலாமா?

மாயவரம் மைக்செட்

தேய்க்கலாம். கண்ணாடி மேல் 400 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, சேடிலை நேராகப் பிடித்து ஒரே திசையில் இழுங்கள். நாலு இழுப்புக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். மேல்பக்கத்தைத் தொடாதீர்கள். அதிகம் தேய்த்துவிட்டால் தந்தி தாழ்ந்து ஃபிரெட்டில் இடிக்கும், அதனால் அவசரம் வேண்டாம். ஆடி முழுக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது.