தம்பி வாங்கிய கப் செட்

குழு: கீழக்கரை வீடு
வெள்ளிக்கிழமை

தம்பி, 4:52: பார்சல் வந்துவிட்டது. 24 கப், ஒரு பம்பு, ஒரு ரப்பர் குழாய். எங்கெங்கே வைக்க வேண்டும் என்று படம் போட்ட தாள் வேறு. வாப்பா தோள் வலிக்கு இன்றைக்கே ஹிஜாமா, அதுதான் கப் வைத்துத் தோலை உறிஞ்சி இழுக்கிற வைத்தியம்.

மாமி, 4:55: மாஷா அல்லாஹ். ஆனால் பிறை 17, 19, 21தான் அதற்கு நாள். பார்த்துச் செய்.

உம்மா, 4:57: பேனா மாதிரி ஒன்று இருக்கிறதே, அது எதற்கு?

தம்பி, 4:58: ஊசிப் பேனா உம்மா. கப் வைத்த இடத்தில் தட்டினால் புள்ளி புள்ளியாகக் குத்தும். மறுபடி கப் வைத்தால் கெட்ட ரத்தம் வந்துவிடும்.

லாத்தா, 5:10: யாரும் எதையும் வைக்காதீர்கள். டியூட்டி முடிந்து வருகிறேன்.

லாத்தா, 5:31: தம்பி, அந்தப் பேனாவை உம்மா கையில் கொடு. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்ததில் இருந்து வாப்பா ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சாப்பிடுகிறார்கள். இரண்டும் ரத்தம் உறையவிடாத மாத்திரை. போன மாதம் சவரம் செய்யும்போது பட்ட கீறல் லுஹர், மதியத் தொழுகை நேரம் வரை கசிந்ததை மறந்துவிட்டாயா?

தம்பி, 5:33: சரி, குத்தாமல் வெறும் கப் மட்டும்?

லாத்தா, 5:35: வாப்பாவுக்கு அதுவும் வேண்டாம். கப் இழுக்கிற இழுப்பில் தோலுக்கு அடியில் இருக்கிற நுண்குழாய்கள் உடைந்து ரத்தம் கசிவதால்தான் அந்த வட்டம் விழுகிறது. உனக்கென்றால் கன்றிப்போவதோடு நிற்கும். அவர்களுக்கு ரத்தம் கட்டிவிடும். சர்க்கரை வேறு இருக்கிறது, கொப்புளம் வந்தால் ஆற நாளாகும்.

மாமி, 5:38: வட்டம் கறுப்பாக விழுந்தால் உள்ளே அழுக்கு அதிகம் என்பார்களே?

லாத்தா, 5:40: அழுக்கு இல்லை மாமி. இழுத்தது அதிகம், வைத்திருந்த நேரம் அதிகம், அவ்வளவுதான். கதவில் இடித்துக்கொண்டால் நீலமாகிறதே, அதே கதை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல்காரர் ஃபெல்ப்ஸ் தோளில் உலகமே பார்த்ததும் இதே வட்டம்தான். அழுக்கை வெளியேற்ற ஈரலும் சிறுநீரகமும் இருக்கின்றன.

மச்சான், 5:44: துபாய் ரூமில் ஒருமுறை இதே கப்பை முதுகில் வைக்கச் சொல்லிவிட்டு அப்படியே தூங்கிப்போனேன். வைத்தவனும் தூங்கிவிட்டான். முக்கால் மணி நேரம். எடுத்துப் பார்த்தால் அப்பளம் பொரியும்போது எழும்புமே, அப்படி நீர் கோத்த கொப்புளங்கள். ஒரு வாரம் குப்புறத்தான் படுத்தேன். இவளிடம் இதுவரை சொன்னதில்லை.

லாத்தா, 5:45: இப்போது சொல்லிவிட்டீர்கள். இரவு பேசுவோம்.

லாத்தா, 5:46: வாப்பா, வலி எந்தத் தோளில்? படி ஏறினால் வருகிறதா? வியர்க்கிறதா, மூச்சு வாங்குகிறதா?

வாப்பா, 5:58: இடது. படி ஏறினால் ஒன்றும் இல்லை. ஆணியில் மாட்டிய சட்டையை எடுக்கக் கையைத் தூக்கினால்தான் உயிர் போகிறது. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவும் முடியவில்லை.

லாத்தா, 6:01: தோள் மூட்டு இறுகியிருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும். இருந்தாலும் இடது பக்கம், ஸ்டென்ட் வேறு. நாளைக் காலையில் டாக்டரிடம் காட்டி ஈசிஜி எடுத்த பிறகுதான் மற்றதெல்லாம். இரவில் நெஞ்சு கனத்தாலோ வியர்த்தாலோ உடனே 108. எனக்குப் போன் போட்டுக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள்.

மாமி, 6:20: நபிவழி வைத்தியத்தை வேண்டாம் என்கிறாயா?

லாத்தா, 6:26: ஹிஜாமா வேண்டாம் என்று சொல்லவில்லை மாமி, தம்பி கையால் வேண்டாம் என்கிறேன். வைத்தியம் தெரியாமல் வைத்தியம் பார்த்தவன் அதற்குப் பொறுப்பாளி என்பதும் நபிமொழிதான். யூனானியில் கீறாமல் வைப்பது ஒன்று, கீறி வைப்பது ஒன்று. சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளிலும் உறிஞ்சல் தனி, குருதி வாங்கல் தனி. கீறுவதென்றால் படித்த மருத்துவர் வேண்டும், கையுறை வேண்டும், புது பிளேடு, புது கப் வேண்டும். ஹெபடைட்டிஸ் பி, எச்ஐவி எல்லாம் ரத்தத்தில் பரவுபவை. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன் என்ற கதை அங்கே எடுபடாது. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யூனானி மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

நான், 6:30: லாத்தா, எனக்கு இடுப்பு வலி. ஆறாம் மாதம்தானே, ஒரே ஒரு கப்?

லாத்தா, 6:30: கூடாது.

தம்பி, 6:33: அப்படியானால் 24 கப்பையும் என்ன செய்வது? சின்னவன் ஏற்கெனவே ஒன்றை நெற்றியில் ஒட்டிக்கொண்டு சுற்றுகிறான்.

லாத்தா, 6:33: பிடித்து இழுத்துவிடாதே! மேலே இருக்கிற வால்வைத் தூக்கிவிடு, காற்றுப் புகுந்து தானாகக் கழன்றுவிடும்.

தம்பி, 6:36: கழன்றுவிட்டது. நெற்றியில் பௌர்ணமி.

லாத்தா, 6:41: உனக்கு ஆசையாக இருந்தால் உன் முதுகிலேயே வைத்துப் பார். நடு எலும்பின் மேல் வேண்டாம், இரண்டு பக்கமும் சதை உள்ள இடத்தில். கொஞ்சம் எண்ணெய் தடவி, பம்பை இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். போனில் 5 நிமிடம் அலாரம் வை. பழகினாலும் 10 நிமிடத்தைத் தாண்டாதே. சுரீர் என்று வலித்தாலோ மரத்தாலோ எடுத்துவிட வேண்டும். மச்சம், புண், புடைத்த நரம்பு, கழுத்தின் முன்பக்கம் எல்லாம் தொடவே கூடாது. உம்மா பக்கத்தில் இருக்கட்டும், சிலருக்குத் தலை சுற்றும்.

மச்சான், 6:43: பஞ்சைக் கொளுத்திக் கண்ணாடி டம்ளரைக் கவிழ்ப்பார்களே, அதுதான் இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

லாத்தா, 6:43: நீங்கள் பேசவே கூடாது.

தம்பி, 8:40: (படம்) நாலு கப், 5 நிமிடம். இதமாக இருக்கிறது.

உம்மா, 8:42: நாவல்பழத்தை நசுக்கி வைத்தது போல இருக்கிறதே!

லாத்தா, 8:50: ஒரு வாரம், பத்து நாளில் மறைந்துவிடும் உம்மா. அதுவரை அந்த இடத்தில் மறுபடி வைக்கக் கூடாது. இதம் கொஞ்ச நாளைக்குத்தான் தம்பி. குனிந்து குனிந்து போன் பார்ப்பதை விடாமல் கழுத்து வலி போகாது. பேனா எங்கே?

உம்மா, 8:52: அரிசி டப்பாவுக்குள்.

லாத்தா, 8:52: உம்மா!!

வாப்பா, 9:05: டாக்டரிடம் டோக்கன் போட்டாகிவிட்டதா? நாளைக்குப் போட அந்த வெள்ளைச் சட்டையை யாராவது ஆணியில் இருந்து எடுத்து வையுங்கள்.